ஆர்விட்டின் பழைய முகம்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பைபிளின் மேல் கைவைத்தே சொல்லலாம். ஆனால் எங்கள் ஊரில் பைபிளின் மேல் கைவைத்தவர்கள் எல்லாரும் பிடித்த மீனின் நீளத்தைப் பற்றித்தான் சத்தியம் செய்திருக்கிறார்கள், அதனால் அதற்கு இப்போது அவ்வளவு மதிப்பில்லை. தேவாலயத்து நிலவறையில் இருக்கும் பெரிய காபிக் கொப்பரையின் மேல், அது கொதித்துக்கொண்டிருக்கும்போதே கையை வைத்துச் சொல்கிறேன். நடந்தது நடந்தபடிதான்.

ஆர்விட்டின் முகமூடி வாயைத் திறந்திருந்தது. லவோன் கவனித்த முதல் கோளாறு அதுதான்.

ஆர்விட் அவள் கணவன். அவனுக்குத் தொண்டையில் புற்றுநோய். ஏரிக்கரை நகரத்து ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் தினமும் கதிர்வீச்சு கொடுத்தார்கள். கொடுக்கும்போது தலை மயிரிழைகூட அசையக் கூடாது என்பதால், முதல் நாளே ஒரு பிளாஸ்டிக் வலைத் தகட்டை வெந்நீரில் இளக்கி, அவன் முகத்தின் மேல் போர்த்தி, மூக்கு, கன்னம், தாடை என்று விரல்களால் அழுத்தி அச்செடுத்திருந்தார்கள். இறுகியதும் அது அப்படியே ஆர்விட்டின் முகம். தினமும் அதை அவனுக்குக் கவிழ்த்து மாட்டி, ஓரங்களை மேசையோடு பூட்டிவிடுவார்கள். வேலை முடிந்ததும் சுவரோர அலமாரியில் மற்ற நோயாளிகளின் முகங்களோடு அதுவும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அச்செடுத்த அன்று லவோன் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்த்தாள். அவன் வாயை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்தான். அது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து அவன் வாய் அவ்வளவு நேரம் மூடியிருந்து அவள் பார்த்ததேயில்லை.

சாலைத் துறைக்காக, பனியை வாரி ஒதுக்கும் லாரி ஓட்டியவன் ஆர்விட். ஒரு பனிக்காலத்தில் சாலை என்று நினைத்து ஒரு மளிகைக் கடையின் கூரையைச் சுத்தமாக வாரிவிட்டதாகவும், மே மாதம் பனி உருகிய பிறகு கடைக்காரன் உள்ளேயிருந்து வந்து கைகுலுக்கியதாகவும் சொல்வான். மறுத்துப் பேசக் கடைக்காரன் இப்போது உயிரோடில்லை. பெரிய ஆள். முகம் நிலாப்போல இருக்கும், சிரித்தால் கண் காணாமல் போகும்.

இப்போது நவம்பர் கடைசி. பிற்பகல் காபி ஆறுவதற்குள் வெளியே இருட்டிவிடும். கீழ்த்தளத்துத் தாழ்வாரத்தில் கிருமிநாசினியின் காரமும், யாரோ நுண்ணலை அடுப்பில் சூடாக்கிய சூப்பின் மணமும், எல்லார் கோட்டிலிருந்தும் உருகிச் சொட்டும் பனியின் ஈரக் கம்பளி வாடையும் ஒன்றாகக் கலந்து நிற்க, சுவருக்குப் பின்னாலிருந்து அந்த இயந்திரத்தின் ஓயாத உறுமல் காலணி வழியே ஏறி முழங்காலில் வந்து தங்கும். லவோன் அங்கே பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்து மூடும் இடைவெளியில் அலமாரி தெரிந்தது. வரிசையாக வெள்ளை முகங்கள். எல்லாம் வாய் மூடியிருந்தன. ஆர்விட்டினது மட்டும், பேச ஆரம்பிக்கப் போகிறவனைப்போல, உதட்டைக் கொஞ்சம் பிரித்திருந்தது.

அங்கே வேலை பார்க்கும் ஜோலீனிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அந்தப் பெண் சங்கடப்படுவாள் என்று லவோன் கேட்கவில்லை.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றான் ஆர்விட், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. கன்னத்தில் வலையின் தடம் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது.

"ஒண்ணுமில்ல. உன் முகமூடி என்னையே பாக்குது."

"பாவம் அது. இந்தக் கட்டடத்துல பாக்க வேற என்ன இருக்கு?"

கிறிஸ்துமஸ் நெருங்கியபோது அவனால் விழுங்க முடியவில்லை. மேல்தளத்தில் ஒரு அறையில் சேர்த்து, வயிற்றில் குழாய் வைத்தார்கள். நிலா தேய ஆரம்பித்தது. முதலில் கழுத்துச் சதை போயிற்று, பிறகு கன்னம், பிறகு தோள். ஒரு நாள் ஜோலீன் வந்து, முகமூடி இப்போது தளர்ந்து ஆடுகிறது, வேறு அச்செடுக்க வேண்டும் என்றாள். எடுத்தார்கள். புதியது ஒடுங்கிய முகம். அதைப் பார்க்க லவோனுக்கு மனம் வரவில்லை.

"பழசை எடுத்துட்டுப் போறீங்களா லவோன்?" என்று கேட்டாள் ஜோலீன். "சில பேர் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துப்பாக்கியால சுடுவாங்க. சில பேர் அதுல பூச்செடி வைப்பாங்க."

இங்கே எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை கேட்டால், உங்களுக்குச் சிரமமில்லையென்றால் சரி என்று வாங்கிக்கொள்ள வேண்டும். முதலிலேயே சரி என்பவன் அல்பன். மூன்றாவதையும் மறுப்பவன் திமிர் பிடித்தவன். நார்வேயிலிருந்து கப்பலேறி வந்த எங்கள் பாட்டன்மார் கொண்டுவந்து சேர்த்தது இந்த ஒன்றுதான். மற்றதையெல்லாம் வழியில் யாரோ மூன்று தடவை கேட்டு வாங்கிக்கொண்டுவிட்டார்கள்.

"ஐயோ, வேண்டாம்மா. உனக்கு எதுக்குச் சிரமம்?"

"தூக்கித்தான் போடப் போறோம்."

"இல்ல இல்ல, இருக்கட்டும்."

"நிஜமாவே வேண்டாமா?"

"சரி... வீணாத்தான் போகும்னா."

ரொட்டி வரும் உறையைக்கூடக் கழுவி உலர்த்தி மடித்து வைக்கிறவள் அவள். அவ்வளவு பெரிய, அவ்வளவு நல்ல பிளாஸ்டிக்கை எப்படி விட்டுவிட்டு வருவாள்? மளிகைப் பையில் போட்டு, வண்டியில் பக்கத்து இருக்கையில் வைத்து, பெல்ட்டையும் மாட்டினாள். ஏன் மாட்டினோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

வீட்டில் அடுப்படி மேசையில் ஆர்விட் உட்காரும் பக்கமாக, உப்புக் குப்பியில் சாய்த்து வைத்தாள். நிறைந்த கன்னம். தடித்த மூக்கு. இரண்டு மாதத்துக்கு முந்தைய ஆர்விட்.

"நல்லா இருக்கியா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு மேசை விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஆர்விட்டின் குரல் போய்விட்டது. போகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அவன் வாயைத் திறந்து ஏதோ நகைச்சுவை சொல்ல முயன்றான். காற்று மட்டும் வந்தது. நர்ஸ் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் கொடுத்தாள். அதில் அவன் முதலில் எழுதியது: *உனக்கு லாட்டரி அடிச்சாச்சு.*

"ஆமா. இனி நாந்தான் பேசுவேன், நீ கேக்கணும்," என்று அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

அன்று வீட்டுக்கு வந்தபோது ஏரியிலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. பின்வாசல் நடையில் நின்று, விறைத்த விரலால் ஒரு பூட்ஸைக் கழற்றினாள். நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் உலை சடசடவென்று பற்றிக்கொண்டு குழாய்கள் முனகின. வாயுவின் லேசான நாற்றமும் காலையில் சிந்திய காபியின் கசப்பும் சூடான காற்றோடு ஏறி வந்தன. அந்தச் சத்தங்களுக்கெல்லாம் அடியில், அடுப்படியிலிருந்து, யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பாட்டை முணுமுணுப்பது கேட்டது. வார்த்தை இல்லாத பாட்டு. லாரியைக் கழுவும்போது ஆர்விட் முணுமுணுக்கும், எங்கும் போய்ச் சேராத அதே பாட்டு.

லவோன் ஒற்றைக் காலில் பூட்ஸோடு நின்றாள். பாட்டு நின்றது.

அடுப்படியில் ஒருவரும் இல்லை. முகமூடி உப்புக் குப்பியில் சாய்ந்திருந்தது. வாய் இன்னும் கொஞ்சம் திறந்திருந்தது.

சில நாளில் ஆர்விட்டுக்கு நாக்கில் ருசி போயிற்று. ஈறு நனைய நர்ஸ் தடவிய பழச்சாற்றுக்கு முகத்தைச் சுளித்து, *எல்லாம் ஆணியைச் சப்பற மாதிரி இருக்கு* என்று எழுதினான். அன்று தேவாலயத்துப் பெண்கள் வாசலில் ஒரு ஹாட்டிஷ் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இறைச்சியின் மேல் உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கிச் சுட்டது. லவோன் அதைச் சூடாக்கி மேசையில் வைத்துவிட்டு, துணி மாற்றப் போனாள். திரும்பி வந்தபோது ஒரு மூலை காலியாக இருந்தது. மொறுமொறுப்பான மூலை. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குக் கிடைக்காத மூலை.

தட்டு எடுக்கப்படவில்லை. கரண்டி எடுக்கப்படவில்லை. முகமூடியின் வாயோரத்து வலைக்கண்களில் மட்டும் பொன்னிறமாகத் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"உப்பு கம்மி," என்றது.

கத்தியிருக்க வேண்டும். வெளியே ஓடியிருக்க வேண்டும். லவோன் உப்புக் குப்பியை எடுத்தாள்; சாய்மானம் போனதும் முகம் மல்லாந்து விழுந்தது. அதைத் தூக்கி நிமிர்த்தி, சர்க்கரை ஜாடியில் சாய்த்துவிட்டு, உப்பைத் தூவினாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு நாளில் அழுகையில் முடியாத முதல் சிரிப்பு. அதுதான் பிற்பாடு அவளை மிகவும் பயமுறுத்தியது.

அதற்குப் பிறகு அவள் ஆஸ்பத்திரியிலிருந்து சீக்கிரம் கிளம்ப ஆரம்பித்தாள்.

அங்கே கட்டிலில் கிடந்தவன் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தான். சிரிக்க முயன்றால் கன்னத்துக்குச் சிரிக்கும் வழி மறந்துபோயிருந்தது. புருவம் உயரவில்லை. அவளைப் பார்த்த கண்ணில் குறும்பு இல்லை, அன்பு மட்டும் இருந்தது. தனியாக நிற்கும் அன்பைப் பார்ப்பது கடினம். வீட்டிலோ மேசையில் இருந்தது நிறைந்துகொண்டே வந்தது. வலைக்கண்களுக்குள் லேசான சிவப்பு ஏறியிருந்தது. தாடையில் தொட்டால் நரநரவென்று முள்தாடி. அவள் சாப்பிடும்போது அது மளிகைக் கடைக் கூரைக் கதையைச் சொல்லிற்று, அவள் கேட்டிராத புது விவரங்களோடு. முகமூடிக்கு எதிரே ஜன்னல் கண்ணாடியில் மூச்சு படிந்து கலைந்தது. அந்த அறையில் மூச்சுவிட அவள் ஒருத்திதான் உண்டு; அவளோ ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"கட்டி நல்லாச் சுருங்கியிருக்கு. நான் நினைச்சதைவிட நல்லாவே. இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிச்சார்னா வீட்டுக்கு அனுப்பிடலாம்."

"அப்படியா. மோசமில்ல," என்றாள் லவோன். எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய ஆனந்தத்துக்கு வார்த்தை கிடையாது. சொல்லும்போதே அவள் கண் ஜன்னலுக்குப் போயிற்று. இருட்டிக்கொண்டு வந்தது. மேசையில் அது காத்திருக்கும்.

அறைக்குத் திரும்பியபோது ஆர்விட் பலகையில் எழுதி வைத்திருந்தான்: *கிளம்பு. பனி வருது.*

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வாழ்நாளெல்லாம் பனியைப் படித்தவனுக்கு அது தெரியும். லவோனுக்கும் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். அவன் அவள் கையைப் பிடித்தான். பிடித்தபடியே இருந்தான். பிறகு, மரியாதையாக, விட்டுவிட்டான்.

அன்று வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னாலிருந்து முகமூடி கேட்டது.

"லவோன், நான் முழுசா வந்துடட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். உனக்கு எதுக்குச் சிரமம்?" என்றாள், யோசிக்காமல்.

மறுநாளும் கேட்டது. "இங்க எல்லாமே வந்தாச்சு லவோன். அங்க கொஞ்சந்தான் மிச்சம். எடுத்துட்டு வந்துடட்டுமா?"

"இல்ல. இருக்கட்டும். அவனுக்குக் குணமாகிட்டு வருது." கையிலிருந்த தட்டு நுரையில் நழுவி உடைந்தது. "அவன்கிட்ட இருக்கறதை நீ தொடாதே."

"தப்பா எடுத்துக்காத. கேட்டேன், அவ்வளவுதான்."

அதை எடுத்துப் போய்க் குப்பை எரிக்கும் பீப்பாயில் போட்டுவிட வேண்டும் என்று அவள் அன்றே முடிவு செய்தாள். தீப்பெட்டியைக்கூட எடுத்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். ஆனால் எரித்தால் அந்தக் குரலும் அதிலேயே எரியும். நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்தாள். அடுப்படியில் அது முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே, வெட்கத்தோடு, நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் ஆர்விட்டின் வாயெல்லாம் புண். உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. பேனா கையில் நிற்கவில்லை. ஒரே ஒரு சொல் எழுதினான்: *வலிக்குது.*

லாரிக்கதவில் விரல் நசுங்கியபோது, கொஞ்சம் இறுக்கமா இருக்கு என்று சொன்னவன் அவன். அந்தச் சொல்லை அவன் எழுதி அவள் பார்த்ததில்லை. நர்ஸ் மருந்தைக் கூட்டினாள். பலகையை லவோன் தன் முழங்கைக் கம்பளியால் துடைத்தாள். துடைத்த பிறகும் அந்தச் சொல் வெளிறித் தெரிந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டதும் எழுந்து வந்துவிட்டாள். எப்படி ஓட்டி வந்தாள் என்று நினைவில்லை.

அடுப்படியில் விளக்குப் போடவில்லை. கோட்டைக் கழற்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் ஆஸ்பத்திரி நாற்றம்.

"லவோன்." மெதுவாக. பிரியமாக. அவனேதான். "வலிக்குதுடி. நான் வந்துடட்டுமா?"

மூன்றாம் தடவை.

அவள் யோசிக்கவில்லை. யோசிக்க அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. அந்த இடத்தில் எப்போதும் வரும் வார்த்தை தானாக வந்தது.

"சரி... உனக்குச் சிரமமில்லன்னா."

உலை நின்றது. காற்று நின்றது. இருட்டில், மேசைக்கு அப்பால், யாரோ நீளமாக மூச்சை உள்ளே இழுத்தார்கள். இழுத்துக்கொண்டே இருந்தார்கள்.

சொன்னது என்ன என்று அப்போதுதான் அவள் காதில் விழுந்தது.

"இல்ல," என்றாள். "இல்ல, நான் வேண்டாம்னுதான்..."

எதிர் நாற்காலி தரையில் இழுபட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடினாள். பின்னால் கனமான காலடிகள் அடுப்பை நோக்கி நடந்தன. மூடி திறக்கும் சத்தம். கரண்டி. பாட்டு.

வண்டி. சாவி. ஏரி ஓரமாகவே சாலை. கறுப்புத் தண்ணீரிலிருந்து ஆவி எழுந்து விளக்கொளியில் குறுக்கே நடந்தது. ஆர்விட், இரு. இரு. கொஞ்சம் இரு.

மேல்தளத்தில் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"மறுபடியும் வந்துட்டீங்களா? இப்ப வலி இல்ல போல. அந்தப் பக்கம் திரும்பி அமைதியாப் படுத்திருக்கார்."

அறை அரையிருட்டு. நரம்பில் மருந்தேற்றும் பெட்டியின் பச்சை விளக்கு மட்டும். ஆர்விட் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். போர்வை ஏறி இறங்கியது. உயிர் இருந்தது.

"ஆர்விட்."

கை அசைந்தது. அவளைத் தேடியது. அவள் பிடித்துக்கொண்டாள். சூடாக இருந்தது. அவள் விரல்களை ஒவ்வொன்றாக இறுக்கியது. அவனேதான். அதே கை. அதே நசுங்கின நகம்.

"வந்துட்டேன். இனிப் போக மாட்டேன். எங்கேயும் போக மாட்டேன். இந்தப் பக்கம் திரும்பு."

அவன் திரும்பினான்.

தலையணையில் இருந்தது வழவழப்பாக இருந்தது. உரித்த முட்டைபோல. கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இல்லாததால் வலியும் சொல்ல முடியாது. வலையின் தடம் மட்டும், கட்டம் கட்டமாக, நெற்றியிலிருந்து தாடைவரை.

லவோனால் கத்த முடியவில்லை. கையை விடவும் முடியவில்லை.

அந்தக் கை அவள் கையிலிருந்து மெல்ல விடுபட்டு மேலே வந்தது. அவள் முகத்தைத் தொட்டது. நெற்றி. இமை. ஈரமான கன்னம். உதடு. மறந்துபோன ஒன்றை நினைவுபடுத்திக்கொள்கிறவனைப்போல, நிதானமாக, திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டே இருந்தது.

ஆர்விட்டை அடக்கம் செய்த அன்று பெட்டி திறந்தே இருந்தது. வரிசையில் நின்று பார்த்த நாங்கள் எல்லாரும், நோய்க்கு முந்தைய அந்த நிலா முகம் அப்படியே இருக்கிறது என்று லவோனிடம் சொன்னோம்.